நான் அசையவில்லை

24 ஜூலை 2025, வியாழன்

நான் அசையவில்லை. அசைந்தேன் என்று எழுதிவிட்டார்கள்.

நேற்று ஆஸ்பத்திரியில் நடந்தது. உள்ளே வைக்கும் கதிர்வீச்சு, முதல் தடவை. பாதியில் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதற்குக் காரணம் நான் என்று என் தாளில் எழுதி, முத்திரை குத்தி, என் கையிலேயே கொடுத்து அனுப்பினார்கள். ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. இவளுக்கு எங்கே புரியப்போகிறது என்று நினைத்திருப்பார்கள். ஆங்கிலம் எனக்குத் தெரியாதுதான். ஆனால் பஸ் போர்டு பார்த்துப் பார்த்து எழுத்துகள் பழக்கம். திரும்பி வரும் பஸ்ஸில் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே வந்தேன். புக்கத்துறை கூட்டுரோடு வருவதற்குள் பிடிபட்டுவிட்டது. பேஷண்ட் மூவ்மெண்ட்.

அப்படியென்றால் என்ன என்று கூட வந்த மகனிடம் கேட்டேன். வேதகிரிக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை, எனக்காக லீவு போட்டிருந்தான். “நீ ஒடம்ப ஆட்டிக்கினியாம். வுடும்மா. அடுத்த வாட்டி ஆட்டாத இரு” என்றான்.

எதை விடுவது?

முப்பத்தைந்து வயது வரை நான் கைநாட்டு. யார் எந்தத் தாளை நீட்டினாலும் கட்டைவிரலை உருட்டிக் கொடுத்தவள். அறிவொளி வகுப்பு எங்கள் காலனிக்கு வந்தபோது, நடவு முடித்த சேற்றுக்காலோடு போய் உட்கார்ந்து எழுத்தைப் பிடித்தேன். வகுப்பு சில மாதத்தில் நின்றுபோனது. நான் நிற்கவில்லை. வடை மடித்த தாள், உர மூட்டை, தேர்தல் சுவர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். என்னைப் பற்றி ஒரு பொய்யை எழுதி என் கையிலேயே கொடுப்பார்கள், நான் மடித்துப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், கைநாட்டாகவே இருந்திருக்கலாமே.

25 ஜூலை, வெள்ளி

நடந்ததை முதலிலிருந்து எழுதி வைக்கிறேன். எழுதாவிட்டால் அவர்கள் சொன்னதுதான் நிற்கும்.

எனக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று. வெளியிலிருந்து வைக்கும் கதிர்வீச்சை வாரக்கணக்கில் வைத்து முடித்தார்கள். எங்கள் பக்கத்தில் அதைக் கரண்ட் வைப்பது என்பார்கள். ரத்தம் படுவது நின்றது. மிச்சம் இருக்கும் கட்டியை உள்ளேயே போய்ச் சுட வேண்டும், வாரத்துக்கு ஒன்றாக மூன்று தடவை, நடுவில் இடைவெளி விழக் கூடாது என்றார் டாக்டர் தேவகி.

புதன்கிழமை காலை வெறும் வயிறு. எனிமா கொடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்தார்கள். உள்ளே குழாய்களைப் பொருத்தி, நகராமல் இருக்கத் துணி அடைத்தார்கள். பின்பக்கமாக இன்னொரு சன்னமான குழாய். அது எதற்கு என்று கேட்டேன். கதிர்வீச்சுக்குக் கணக்குப் போடுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள், ஷாரோன் என்று பெயர். அவள் சொன்னாள்: “இதுக்குள்ள கண்ணு மாதிரி சின்னச் சின்னதா வச்சிருக்கும்மா. மலக்குடலுக்கு எவ்ளோ போவுதுன்னு அப்பப்பவே வெளிய எங்களுக்குக் காட்டும். தாண்டிச்சின்னா நிறுத்திடுவோம்.”

நல்ல ஏற்பாடு என்றுதான் அப்போது தோன்றியது. ஏரி மதகைத் திறந்தவன், இவ்வளவு நேரம் திறந்துவிட்டேன், எல்லா வயலுக்கும் பாய்ந்திருக்கும் என்று கணக்குச் சொல்லிவிட்டுப் போய்விடுவான். பாய்ந்ததா இல்லையா என்பது கடைசி வயலில் நிற்கிறவளுக்குத்தான் தெரியும். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் நிலத்தின் கடைசி வயலில் நின்றவள் நான். கட்டிக்குப் போக வேண்டியது பக்கத்து வயலில் பாய்ந்தால் குடல் புண்ணாகிவிடும். அதனால் அங்கே ஒரு காவல் ஆளை நிறுத்தியிருக்கிறார்கள். சரிதான்.

பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு காத்திருக்க வைத்தார்கள். எனக்கு முன்னால் இரண்டு பேர், நடுவில் இயந்திரத்துக்கு ஏதோ சோதனை. குழாய்களோடு மல்லாந்து கிடந்தேன். மரமரப்பு விட்டுப் போய்க் கால்விரல்கள் தெரிய ஆரம்பித்துவிட்டன. மத்தியானத்துக்கு மேல்தான் உள்ளே தள்ளினார்கள். எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்கள். தலைக்கு மேல் கேமரா. ஒலிபெருக்கியில் ஜான் என்கிற டெக்னீஷியன், “அசையாதீங்கம்மா” என்றான்.

அசையவில்லை. நடவில் குனிந்தால் வரப்பு வரும்வரை நிமிராத இடுப்பு இது. மூக்கு அரித்தது, சொறியவில்லை. பல்லைக் கடித்து, உடம்பு முழுவதையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

பாதியில் சத்தம் நின்றது. கதவு திறந்தது.

“ஏம்மா அசைஞ்சீங்க?” என்றார் டாக்டர்.

“நான் அசையல.”

“மீட்டர் ஏறுதேம்மா. அது பொய்யா சொல்லும்?”

அது சொல்லாது. நான் சொல்வேன். அப்படித்தானே?

26 ஜூலை, சனி

எழுதியதை அடிக்காமல் அடுத்த தடவைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மருமகள் செவ்வந்தி இன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. வீடு அமைதியாக இருந்தது.

27 ஜூலை, ஞாயிறு

பக்கத்துத் தெருவில் இன்று கூழ் வார்த்தார்கள். போன ஞாயிறு எங்கள் காலனி கெங்கையம்மனுக்கு. ஆடி முழுக்க ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு தெரு. செவ்வந்தி ஒரு சொம்பு நிறைய வாங்கி வந்து என் முன்னால் வைத்தாள். பேச்சு இல்லாமல் வைத்தால் நான் தொடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

“அத்த, கோவத்த கூழு மேல காட்டாத. கரண்ட் வச்ச ஒடம்பு, சூடு ஏறிப்போய் கீது. அது எறங்கணும்னா கூழுதான்.”

போன வாரமும் இப்படித்தான். ஞாயிறு கோயிலில், திங்கள் செவ்வாய் இவள் வீட்டில் காய்ச்சியது. மோர் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ள. இதில் இவளைக் குறை சொல்ல முடியாது. எனக்கு நோய் என்று தெரிந்த நாளிலிருந்து என் துணியைக்கூட இவள்தான் துவைக்கிறாள். குடித்தேன்.

நல்ல நேரம் பார்த்து வேதகிரி ஆரம்பித்தான். “புதன்கெயம போறமா இல்லியா?”

“எய்தினத அடிக்கட்டும். வரேன்.”

“யம்மா, உனுக்கு உசுரு பெர்சா, எய்த்து பெர்சா?”

“எய்த்து.”

“கேட்டுக்கினியா?” என்று பெண்டாட்டியைப் பார்த்தான். “இத வுட்டா உத்திரமேரூர் கல்வெட்டுலயே தப்பு கீதுன்னு உளி எத்துக்கினு போவும்.”

செவ்வந்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. காட்டவில்லை. காட்டினால் விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

28 ஜூலை, திங்கள்

டாக்டர் தேவகியே போன் செய்தார். புதன்கிழமை தவறாமல் வர வேண்டும், நாள் தள்ளிப்போனால் மிச்சமிருக்கும் கட்டி மறுபடி வளர்ந்துவிடும், இதுவரை வைத்ததெல்லாம் வீணாகிவிடும் என்றார். நல்லவர்தான். குரலில் பதற்றம் தெரிந்தது.

தாளில் எழுதியதைப் பற்றிக் கேட்டேன்.

“அது சும்மா ஒரு குறிப்பும்மா. யாரும் உங்களத் தப்பா நினைக்க மாட்டாங்க.”

“நீங்க நினைச்சிட்டீங்களே.”

 புதன்கிழமை பேசிக்கொள்ளலாம் என்றார். புதன்கிழமை நான் துணி இல்லாமல் கால் விரித்துக் கிடப்பேன். அப்போது என்ன பேசுவது? பேசுவதென்றால் புடவை கட்டிக்கொண்டு, உட்கார்ந்துகொண்டு பேச வேண்டும்.

29 ஜூலை, செவ்வாய்

நாளை போகவில்லை.

30 ஜூலை, புதன்

போகவில்லை. வேதகிரி லீவு போட்டுவிட்டு, சட்டை மாட்டிக்கொண்டு, வாசலில் வண்டியை நிறுத்தி வைத்திருந்தான். பத்து மணி வரை பார்த்தான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். திட்டியிருந்தால் தேவலாம்.

மத்தியானம் துணியில் கறை. சிறியதுதான். கட்டைவிரல் அளவு. மாதக்கணக்கில் இல்லாதது.

செவ்வந்திக்குத் தெரியாமல் நானே அலசிக் காயப்போட்டேன். குழாய் உரசிய புண்ணாக இருக்கலாம். வேறாகவும் இருக்கலாம். பிடிவாதம் பிடிக்கிறவளுக்குப் பயம் இருக்காது என்று இவர்கள் நினைக்கிறார்கள். பயம் இல்லாமல் என்ன? கொடியில் கிடந்த துணியை நாலு தடவை போய்ப் பார்த்தேன். ஆனாலும் நான் அசைந்தேன் என்று ஒத்துக்கொண்டு போய்ப் படுத்தால், அடுத்த தடவை மீட்டர் ஏறினாலும் நான்தான் காரணம் என்பார்கள். அதற்கு அடுத்த தடவையும். அசையாமல் கிடந்தபோதே ஏறியது. அப்படியானால் அங்கே வேறு எதுவோ தப்பாக இருக்கிறது. அது என்ன என்று யாரும் தேடமாட்டார்கள். அசைந்தாள் என்று எழுதியாகிவிட்டதே, பிறகு எதற்குத் தேடுவது?

இதைத்தான் நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கோபத்தில் எழுத்து, எழுத்து என்றே கத்திக்கொண்டிருந்தேன்.

31 ஜூலை, வியாழன்

ஷாரோன் போன் செய்தாள்.

“ஏம்மா வரல நேத்து?”

“எய்தினத அடிக்கச் சொல்லு, வரேன்.”

“சண்ட போடறவங்க போன்லயா போடுவாங்க? நேர்ல வாங்கம்மா. எங்கம்மாவுக்கு ஊரு சாலவாக்கம். சண்டைக்கு நான் ஒண்ணும் சளைச்சவ இல்ல.”

“சாலவாக்கத்துல யாரு வூடு?”

சொன்னாள். தெரிந்த வீடுதான். அவள் பாட்டனும் நானும் ஒரே வயலில் கதிர் அறுத்திருக்கிறோம். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. உறவு கொண்டாடிக் காரியம் முடித்தாள் என்று ஆகக் கூடாது.

“உங்களாண்ட ஒண்ணு காட்டணும்மா” என்றாள். இப்போது குரலில் விளையாட்டு இல்லை. “அன்னிக்கு சாயந்தரம் பாத்தேன். எனுக்கே கணக்கு ஒதைக்குது. நீங்க வந்தாதான் தெரியும்.”

அதனால் போகிறேன். படுக்க இல்லை. பார்க்க.

1 ஆகஸ்ட், வெள்ளி

செவ்வந்தியோடு போய் வந்தேன். வேதகிரிக்கு இனி லீவு கிடைக்காது. செவ்வந்தியை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் கம்ப்யூட்டர் அறைக்குக் கூட்டிப் போனாள் ஷாரோன்.

திரையில் இரண்டு கோடு. நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று.

“நீலம் நாங்க போட்ட கணக்கு. ஸ்கேன் எடுத்து, இவ்ளோ நேரத்துக்குள்ள கொடலுக்கு இவ்ளோதான் போவும்னு. செவப்பு, உங்க ஒடம்புக்குள்ள இருந்த கண்ணு நிசமா பாத்தது.”

ஆரம்பத்தில் இரண்டும் ஒட்டினாற்போலப் போயின. பிறகு சிவப்பு கொஞ்சம் விலகியது. பிறகு இன்னும் கொஞ்சம். மேலே மேலே போய் ஓரிடத்தில் நின்றது. அங்கேதான் நிறுத்தியிருக்கிறார்கள்.

“இப்ப இன்னொண்ணு பாருங்க.” வேறு யாருடையதோ, பெயர் மறைத்திருந்தது. அதில் சிவப்பு ஒரே இடத்தில் படிக்கட்டு மாதிரி எகிறியிருந்தது. “இவங்க இருமுனாங்க. அசைஞ்சா இப்டித்தான் இருக்கும். திடீர்னு.”

நான் திரும்பவும் என்னுடைய கோட்டைப் பார்த்தேன். அதில் எங்கும் எகிறல் இல்லை.

“இது வரப்பு ஒடைஞ்சது இல்ல” என்றேன். “இது நண்டு வளை. கசிஞ்சிக்கினே கீது.”

“அதேதாம்மா. நீங்க அசையல.”

சொல்லிவிட்டாள். ஒன்பது நாளாக நான் சொன்னது அவள் வாயிலிருந்து வந்தது. சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.  முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

“அன்னிக்கு ஏன் சொல்லல?”

“ஏறுது ஏறுதுன்னுதாம்மா பாத்தோம். எப்டி ஏறுதுன்னு பாக்கல. ஜான் ‘அசையறாங்க’ன்னாரு, நானும் நம்பிட்டேன். சாயந்தரம் ரெண்டு கோட்டையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டப்பதான் உறுத்துச்சு. அதுக்குள்ள தாளு உங்க கைக்கு வந்துடுச்சு.” தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு நிமிர்ந்தாள். “ஆனா செவப்பு ஏறுனதும் நிசம்தாம்மா. அது ஏன்னு தெரியாம நான் உங்கள மறுபடி படுக்க வைக்க மாட்டேன். அதுக்கு முன்னாடி ரெண்டு நாளா இன்னா சாப்டீங்க?”

“நீங்க குடுத்த சாப்பாட்டுத் தாள்ல இருந்ததுதான்.” எனக்குக் கோபம் திரும்பி வந்தது. “பருப்பு வேணாம்னு கீது, தொடல. கீர வேணாம், பாலு வேணாம், கோஸு வேணாம், எதுவும் தொடல. ஒடம்பு குளிரணும்னு கூழுதான் குடிச்சேன். மூணு நாளும்.”

“கூழா?”

“உங்க தாள்ல கூழு வேணாம்னு எங்க கீது?”

எங்கும் இல்லை. அவளும் தேடிப் பார்த்தாள். தாள் எழுதியவர்கள் ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் வந்ததே இல்லை போலிருக்கிறது. ஷாரோன் கண்ணை மூடிக்கொண்டு நெற்றியில் கை வைத்தாள். “புளிச்ச கூழு, மோரு, வெங்காயம். கோட்டையே கட்டலாமே, வயித்துல சேர்ற காத்த வச்சு” என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “அன்னிக்கு உள்ள படுத்திருந்தப்ப வயிறு உப்பசமா இருந்திச்சாம்மா?”

நான் கதவைப் பார்த்தேன். சாத்தியிருந்தது.

இருந்தது. ஸ்கேன் முடிந்து காத்திருந்தபோதே ஆரம்பித்துவிட்டது. மரமரப்பு விட விட அதிகமானது. பக்கத்தில் ஆம்பிளைப் பையன்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். உள்ளே போனால் மேலே கேமரா, ஒலிபெருக்கி. சத்தம் கேட்டுவிடும் என்று நினைத்தேன். உள்ளிருக்கும் குழாய் நகர்ந்துவிடும் என்றும் நினைத்தேன். அசையாதே என்று சொல்லியிருந்தார்கள். எனவே இறுக்கினேன். உயிரைக் கொடுத்து இறுக்கினேன்.

இவ்வளவையும் அவளிடம் சொன்னேன். நாற்பது வருடம் குடும்பம் நடத்திய புருஷனிடம்கூட இப்படி ஒரு விஷயம் பேசியதில்லை.

அவள் சிரிக்கவில்லை. ஒரு தாளில் வட்டம் போட்டுக் காட்டினாள். குடலில் காற்று நிறைந்து உப்பினால் அதன் சுவர் முன்பக்கம் நகர்ந்து, கதிர்வீச்சு வரும் குழாய்க்குப் பக்கத்தில் போய்விடுமாம். வெளியில் நான் கட்டைபோல் கிடந்திருக்கிறேன். உள்ளே அது நகர்ந்திருக்கிறது. “நீங்க அடக்க அடக்க அது கிட்ட போயிருக்கு.”

“நிறுத்தலன்னா?”

“கணக்குப்படி சரியாத்தான போவுதுன்னு முழுசா வச்சி அனுப்பியிருப்போம். ஒரு வருசம் கழிச்சி கொடல்ல புண்ணாயி ரத்தம் வந்தா, ஏன்னு யாருக்கும் தெரிஞ்சிருக்காது.”

எந்த மீட்டரை நான் ஒன்பது நாளாகத் திட்டிக்கொண்டிருந்தேனோ, அதுதான் என் பக்கம் நின்றிருக்கிறது. அன்று பாதியில் நிறுத்தியதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். சொல்லவில்லை. முதலில் தாள்.

டாக்டர் தேவகி வந்தார். கோடுகளைப் பார்த்தார். ஷாரோன் சொன்னதைக் கேட்டார். கறையைப் பற்றி நானே சொன்னேன். பரிசோதித்துப் பார்த்துவிட்டு, குழாய் உரசிய காயம்தான், ஆனால் இனி ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது என்றார். பிறகு, எழுதியதை அடிக்க முடியாது, அது விதி, கீழே திருத்தம் எழுதலாம் என்றார். “உடல்நிலை காரணமாக நிறுத்தப்பட்டதுன்னு போட்டுடறேம்மா. உங்களுக்கும் சங்கடம் இருக்காது.”

யோசித்தேன். கௌரவமாகத்தான் இருந்தது. யார் படித்தாலும் ஒன்றும் தெரியாது.

ஒன்றும் தெரியாது என்பதுதான் தப்பு. உடல்நிலை என்றால் எது வேண்டுமானாலும் ஆகும். படிக்கிறவர்கள் பழையபடி, கிழவி ஆட்டியிருப்பாள் என்றுதான் நினைப்பார்கள். அதைவிட, அடுத்து வருகிறவளும் கூழ் குடித்துவிட்டு வருவாள், அடக்கிக்கொண்டு கிடப்பாள்.

“வேணாங்க. காத்துன்னே எய்துங்க” என்றேன். “தமிழ்லயும் எய்துங்க.”

டாக்டர் பேனாவை எடுத்தார். எழுதினார். ‘நோயாளி அசையவில்லை. மலக்குடலில் வாயு நிறைந்ததால் அளவு கூடியது.’ கையெழுத்து, தேதி. கொடுக்கும்போது, “நானும் கேட்டிருக்கணும்மா” என்றார்.

வாங்கிப் படித்துப் பார்த்தேன். இரண்டு வரியும் உண்மை. முதல் வரி இனிக்கிறது. இரண்டாவது வரி என்றைக்கும் என் பெயருக்குக் கீழே இருக்கும். இருக்கட்டும்.

2 ஆகஸ்ட், சனி

செவ்வந்தியிடம் காரணத்தைச் சொல்லவில்லை. திருத்திவிட்டார்கள், புதன்கிழமை போகிறோம் என்று மட்டும் சொன்னேன். நேற்று பஸ்ஸிலேயே அழுதுவிட்டாள். அவள் ஊற்றிய கூழ்தான் என்று எப்படிச் சொல்வது? ஒரு பக்கம், சொல்லாமல் இருந்தால் அதுவும் மழுப்பல்தான். டாக்டரை மழுப்பாதே என்றவள் நான்.

3 ஆகஸ்ட், ஞாயிறு. ஆடிப்பெருக்கு

சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டியதாயிற்று. அவள் மறுபடியும் சொம்போடு வந்து நின்றாள்.

வேண்டாம் என்றேன். முகம் சுருங்கிப்போனது. “இன்னா அத்த, நான் இன்னா பண்ணன் உனுக்கு?”

கையைப் பிடித்து உட்கார வைத்து, திருத்திய தாளை எடுத்துக் கொடுத்தேன். தமிழ் வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு கூழையும் கேமராவையும் நான் அடக்கியதையும் சொன்னேன். கடைசி வரை அவளைக் குற்றம் சொல்லாமல் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் கண் கலங்கியது. உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

“அத்த” என்றாள். “ஒரு குசுவுக்காண்டியா இத்தினி பஞ்சாயத்து?”

அவ்வளவுதான். சுவரில் சாய்ந்து சிரித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்து, அதுவே அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. நானும் சிரித்தேன். எந்தக் காலத்தில் அப்படிச் சிரித்தேன் என்று நினைவில்லை. வயிறு வலித்தது. வேதகிரி எட்டிப் பார்த்து, “இன்னா, ரெண்டுக்கும் புடிச்சிக்கிச்சா?” என்றான். அவள் சொல்லிவிட்டாள். போகட்டும்.

பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொம்பை வெளியே எடுத்துப் போனாள். வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றிருந்தாள். “நல்லதுன்னுதான் அத்த ஊத்தினேன்” என்றாள், திரும்பாமல்.

“தெரியும். இல்லன்னா குடிப்பனா?” என்றேன்.

6 ஆகஸ்ட், புதன்

இரண்டாவது தடவை. இரண்டு நாளாக இடியாப்பமும் ரசமும். செவ்வந்தி என் தட்டைக் காவல்காரி மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த முறை காத்திருந்த இடத்தில் திரை கட்டியிருந்தார்கள். நர்ஸ் ஒருத்தி பக்கத்திலேயே இருந்தாள். உள்ளே தள்ளுவதற்கு முன் ஷாரோன் மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்தாள். கொஞ்சம் காற்று இருந்தது. சன்னக் குழாய் ஒன்றை வைத்து எடுத்துவிட்டார்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கம் வந்தது. வந்து, போயும் விட்டது.

நான் ஒரு கண்டிஷன் போட்டிருந்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது, எனக்கும் சொல்ல வேண்டும். என் உடம்பு.

கதவு சாத்தினார்கள். இயந்திரம் சத்தம் போட ஆரம்பித்தது. ஒலிபெருக்கியில் ஜானுக்குப் பதில் அவள் குரல். “ஆரம்பிச்சிடுச்சிம்மா.” சற்று நேரம் ஒன்றுமில்லை. நான் இறுக்கவில்லை. உடம்பைத் தளர விட்டுக் கிடந்தேன். அசையாமல் இருப்பது வேறு, இறுக்கிப் பிடிப்பது வேறு என்பது இத்தனை வயதுக்கு மேல் தெரிகிறது.

“ரெண்டும் சேந்தே போவுதும்மா” என்றாள்.

பிறகும் இரண்டு தடவை அதையே சொன்னாள். முடிகிற வரையில் சேர்ந்தே போயின.

வெளியே வந்ததும் அவளிடம், “அன்னிக்கு நிறுத்தினீங்களே, அது நல்லதுதான்” என்றேன். நன்றி என்று நேராகச் சொல்ல வாய் வரவில்லை. அவளுக்குப் புரிந்தது. “சண்டைக்கு வந்தீங்களே, அதுவும் நல்லதுதான்” என்றாள்.

13 ஆகஸ்ட், புதன்

முதல் தடவை பாதியில் நின்றதை ஈடு கட்ட ஒன்று கூடுதல் என்றார்கள். இன்று அது. முதலில் கோடுகள் சேர்ந்தே போயின. பாதியில் சிவப்பு கொஞ்சம் விலகியதாம், நிறுத்திப் பார்த்துச் சரிசெய்து மறுபடி வைத்தார்கள். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. டாக்டர் வந்து, “நீங்க இல்லம்மா, சிறுநீர்ப் பை நிறைஞ்சிருக்கு” என்றார். முதல் சொல் அதுதான். நீங்க இல்லம்மா.

20 ஆகஸ்ட், புதன்

முடிந்தது. கடைசியும் ஆயிற்று. கட்டி போய்விட்டதா என்று மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தால்தான் சொல்ல முடியுமாம். அதுவரை எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. இதற்கு மட்டும் அப்பப்பவே காட்டுகிற கண் எதுவும் இல்லை.

சும்மா உட்கார்ந்திருக்கப் போவதில்லை. ஆக வேண்டியதை எழுதிவைக்கிறேன்.

டாக்டர் தேவகி: கோட்டைப் பார்க்காமல், ஆளைக் கேட்காமல், அசைந்தார் என்று இனி யார் தாளிலும் எழுதக் கூடாது. நேரில் சொல்லிவிட்டேன். தலையாட்டினார். தலையாட்டினால் போதாது, மற்ற டாக்டர்களுக்கும் சொல்ல வேண்டும்.

ஷாரோன்: சாப்பாட்டுத் தாளில் கூழைச் சேர்க்க வேண்டும். கம்மங்கூழும் சேர்த்து. படிக்கத் தெரியாத பெண்களுக்கு வாயால் சொல்ல வேண்டும், ஆடி மாதத்தில் இரண்டு தடவை. ஒருமுறை சாலவாக்கம் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வரட்டும், இளைத்துவிட்டாள்.

ஜான்: அசையாதீங்க என்பதோடு, வயிறு உப்பினால் சொல்லுங்க என்றும் மைக்கில் சொல்ல வேண்டும். சிரிக்காமல்.

ஸ்கேனுக்குப் பிறகு நெடுநேரம் காக்கவைத்தால் மறுபடி பார்க்காமல் உள்ளே அனுப்பக் கூடாது. அந்தத் திரையை எனக்காகக் கட்டியிருந்தால் போதாது, கழற்றாமல் விட வேண்டும். இதற்கு யார் பொறுப்பு என்று தெரியவில்லை. விசாரித்து, பேர் தெரிந்ததும் இங்கே எழுத வேண்டும். அது என் வேலை.

வேதகிரி: மூன்று மாதம் கழித்து வரும் ஸ்கேனுக்கு ஒரு நாள் லீவு, இப்போதே சொல்லிவைக்க வேண்டும். இந்தக் கதையைக் கம்பெனி பஸ்ஸில் சொல்வதை நிறுத்த வேண்டும்.

செவ்வந்தி: அடுத்த ஆடி, முதல் ஞாயிறு, கேழ்வரகுக் கூழ் காய்ச்ச வேண்டும். பெரிய குண்டானில்.

நான்: குடிக்க வேண்டும்.